பித்தளைக் கரண்டியில் அளந்த மருந்து

துவக்குத் தோட்டாவை வீட்டிலேயே நிரப்பலாம் என்று சொன்னால் நம் ஆட்கள் பலர் இன்னும் நம்புவதில்லை. இந்த நாட்டில் அது சட்டப்படி நடக்கிற பொழுதுபோக்கு. சுட்டு முடிந்த பித்தளைக் கோதைத் துடைத்து, அடியில் பொறி தட்டுகிற புதுக் கேப் போட்டு, வெடிமருந்தை அளந்து ஊற்றி, வாயில் சன்னத்தை, பாய்ந்து போகிற ஈயக் குண்டை, இறுக்கினால் அது மறுபடியும் தோட்டா. மற்ற வேலை எல்லாவற்றையும் மேசையில் பூட்டியிருக்கும் பிறெஸ் செய்துவிடும். மருந்தை எதால் அளப்பது என்பதை மட்டும் மனிதன்தான் தீர்மானிக்க வேண்டும். தொண்ணூறுகளின் நடுவில் நான் அதைத் தீர்மானித்தேன். என் வாழ்க்கையில் நான் எடுத்த முடிவுகளில் பிழையாய்ப் போனவை மிகக் குறைவு. அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். ரொறன்ரோவுக்கு ஒற்றைப் பையோடு வந்து இறங்கி, ஒரு இரும்புப் பக்ரறியில் நிலம் கூட்டினேன். கூட்டிக்கொண்டே லேத் மெசினைப் பார்த்தேன். பார்த்தே பழகினேன். சில வருடங்களில் வெக்ஸ்போர்ட் பக்கம் சொந்தமாக ஒரு கடை எடுத்து, மூன்று லேத் போட்டு, பெரிய கொம்பனிகளுக்கே சாமான் கடைந்து கொடுத்தேன். படித்தவர்கள் படத்தை விரித்து வைத்துத் தலையைச் சொறிவார்கள். நான் இரும்பை விரலால் தடவிப் பார்த்து, இன்னும் ஒரு மயிரளவு தள்ளவேண்டும் என்பேன். பிறகு அளந்து பார்த்தால் அந்த மயிரளவுதான் இருக்கும். இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்குச் சொன்னாலும் உண்மைதான்.

நிலம் கூட்டிய என்னை லேத்துக்குப் பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்தியவர் அந்தப் பக்ரறியின் போர்மன். நியூஃபவுண்ட்லாந்துக்காரர், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர், மனைவி இறந்து தனியாக இருந்தவர். நான் கடை எடுத்த பிறகு என்னை ‘பொஸ்’ என்று கூப்பிட்டுச் சிரிப்பார். ஒவ்வொரு நவம்பரும் வடக்கே காட்டுக்குள் தன் மரக்குடிலுக்கு மான் சுடப் போவார். என்னையும் சுடும் திடலுக்குக் கூட்டிப்போய்ப் பழக்கினார். வகுப்புக்குப் போய், பரீட்சையை இங்கிலீசில் எழுதி, லைசென்ஸ் எடுத்தேன். ஏழாம் வகுப்புக்காரன், முதல் தரத்திலேயே பாஸ்.

என் மனுசிக்கு மட்டும் அது பிடிக்கவில்லை.

“துவக்குச் சத்தம் கேக்காத இடம் எண்டுதானே இஞ்சை வந்தனாங்கள். நீங்கள் காசு குடுத்து வாங்கிக்கொண்டு வாறியள்.”

“இது பேப்பரைச் சுடுற துவக்கு.”

“பேப்பர் உங்களுக்கு என்ன செய்தது?”

இருந்தாலும் மல்வேர்னில் எங்கள் வீட்டுக் கராஜில் துவக்குக்கென்று ஒரு இரும்பு அலுமாரியைப் போட்டுப் பூட்டி, திறப்பை என் இடுப்பிலேயே வைத்திருந்தேன்.

போர்மனின் விரல் மூட்டுகள் வீங்கத் தொடங்கிய வருடம், அவர் தன் தோட்டா நிரப்பும் சாமான்களை எல்லாம் கொண்டுவந்து என் கராஜ் மேசையில் வைத்தார். சின்னச் சாமானைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. “இனி என்னுடையதையும் நீயே நிரப்பு, பொஸ்” என்றார். துவக்கு வைத்திருக்கிற ஒருவர் இன்னொருவனிடம் இப்படிச் சொல்வது சின்ன விசயம் இல்லை. தோட்டா வெடிக்கும் இடம் சுடுகிறவரின் கன்னத்துக்கும் கண்ணுக்கும் பக்கத்தில். மருந்து கூடினால் துவக்கின் பின்பக்கமே பிரிந்து முகத்துக்கு வரும். அந்தக் கண்ணை என் கையில் தந்துவிட்டுத்தான் அவர் போனார்.

பிறெஸ் இருந்தது, தராசு இருந்தது. மருந்து அளக்கிற அவருடைய அளவை மட்டும் விரிசல் விட்டுப் போயிருந்தது. அதனால் ஒரு சனிக்கிழமை இருவருமாகத் துவக்குக் கடைக்குப் போனோம்.

கடையில் மூன்று வகை இருந்தது. ஒன்று, மேலே மருந்துப் போத்தல், நடுவில் உருளை, பக்கத்தில் கைபிடி. கைபிடியை மேலே தூக்கினால் உருளையின் குழி நிறையும், கீழே இழுத்தால் கொட்டும். இரண்டாவது மின்சாரத்தில் ஓடுவது. தானே நிறுத்துத் தானே நிற்கும். அதன் விலையைக் கேட்டுவிட்டு நான் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. மூன்றாவது, சின்னச் சின்னப் பிளாஸ்ரிக் கரண்டிகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு.

போர்மன் கைபிடி போட்டதைத்தான் காட்டினார். “இதை வாங்கு. நீ சந்தோசமாக இருந்தாலும், மனுசியோடு சண்டை பிடித்துவிட்டு வந்தாலும், இது ஒரே அளவுதான் போடும்.”

நான் கைபிடியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். உருளை தன் கூட்டுக்குள் கொஞ்சம் ஆடியது. மற்றவனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். இதைக் கடைந்தவனை என் கடையில் ஒரு கிழமை வைத்திருக்க மாட்டேன் என்று அந்த இடத்திலேயே சொன்னேன். கவுண்டரில் நின்ற பெடியன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிளாஸ்ரிக் கரண்டியை எடுத்து வளைத்தேன், வளைந்தது.

“நான் செய்யிறேன்” என்றேன்.

“எதை?”

“அளவையை.”

அடுத்த கிழமை என் லேத்தில் பித்தளைக் கம்பி ஒன்றைப் பூட்டி ஒரு கரண்டி கடைந்தேன். உள்ளே குழி, வெளியே கண்ணாடி மாதிரிப் பளபளப்பு, நீளமான காம்பு. குழியை நிரப்பி, ஒரு மட்டையின் விளிம்பால் தலையை வழித்துவிட்டால் போர்மனின் துவக்குக்கு வேண்டிய மருந்து, கூடவும் இல்லை குறையவும் இல்லை. அவர் தன் தராசில் வைத்து நிறுத்துப் பார்த்தார். திரும்ப அள்ளித் திரும்ப நிறுத்தார். தராசின் முள் போய்ப் போய் ஒரே கோட்டில் நின்றது.

“கரண்டி சரி” என்றார். “நீ நிற்காத நாளில் என்ன செய்வது?”

“நான் நிற்காத நாளில் ஒருவரும் தொடமாட்டார்கள்.”

அவர் சிரித்துக்கொண்டு கரண்டியை மேசையில் வைத்தார். அன்று முழுக்க நான் அந்தக் கரண்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடையில் எல்லோருக்கும் காட்டினேன்.

அந்த வருடம்தான் மச்சான் வந்து சேர்ந்தார். மனுசியின் தமையன். ஊரில் ஒரு சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். கடையும் போய், வீடும் போய், கொழும்பில் கொஞ்சக் காலம் இழுபட்டு, கடைசியில் எங்கள் பேஸ்மென்ற் அறைக்கு வந்தார். வேலை தேடிப் போன இடமெல்லாம் இங்கிலீஸ் கேட்டார்கள். என் கடையில் நிற்கச் சொன்னேன். இரண்டு நாள் நின்றுவிட்டு, “இரும்புச் சத்தம் எனக்கு ஒத்துவரேல்லை மச்சான்” என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். அரிசி கழுவுவார், காய் வெட்டுவார், சனங்கள் வந்தால் எழுந்து நின்று தேத்தண்ணி கொடுப்பார். மனுசன் யாரிடமும் எதையும் கேட்டு வாங்கிப் பழகாதவர். எங்கள் வீட்டில் சோற்றைக்கூடத் தட்டின் ஓரத்தில் கொஞ்சமாகத்தான் போடுவார்.

ஊரில் அவருடைய கடைக்குச் சனம் வந்ததே அளவுக்காகத்தான். எங்கள் பக்கத்துக் கடைகளில் அரிசியைச் சுண்டில், சின்னத் தகர அளவையில், அள்ளி, கையால் தலையை வழித்து, பையில் கொட்டுவார்கள். அதோடு கணக்கு முடிந்தது. ஆனால் நல்ல கடைக்காரன் அதற்குப் பிறகு சாக்குக்குள் கையை விட்டு விரல் நுனியால் ஒரு நுள்ளு எடுத்து மேலே போடுவான். அது கணக்கில் இல்லை, காசும் இல்லை. வழித்த அளவு வியாபாரம், அந்த நுள்ளுதான் மனுசத்தனம். நுள்ளுப் போடாத கடைக்காரனைச் சனம் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லாது, அடுத்த முறை வேறு கடைக்குப் போகும். மச்சானின் கை அந்த நுள்ளைப் போட்டுப் போட்டே வயதானது.

குளிர் தொடங்கியபோது போர்மன் ஒரு நாள் வந்தார். மச்சான் மெல்லிய சுவெற்றரோடு வாசலில் நிற்பதைப் பார்த்தார். தான் போட்டிருந்த தடித்த கோட்டைக் கழற்றி அவருக்குப் போட்டுவிட்டு, வெறும் சட்டையோடு காருக்குப் போனார். மச்சான் அந்தக் கோட்டை அன்று கழற்றவே இல்லை. பேஸ்மென்றில் ஹீற்றருக்குப் பக்கத்திலும் கோட்டோடு இருந்தார்.

“அந்த மனுசனுக்கு நாங்கள் ஒண்டும் குடுக்கேல்லை மச்சான்” என்று பிறகு அடிக்கடி சொன்னார்.

“அவர் ஒண்டும் எதிர்பாக்கமாட்டார்.”

“அவர் எதிர்பாக்கமாட்டார். அது வேறை கதை.”

நவம்பர் வந்தது. போர்மனின் கோதுகளைத் துடைத்து, கேப் போட்டு, பலகைக் கட்டையின் துளைகளில் வரிசையாக நிறுத்தி வைத்திருந்தேன். ஞாயிறு மத்தியானம் மருந்து போடத் தொடங்கினேன். மச்சான் கோட்டோடு பக்கத்தில் கதிரை போட்டு இருந்து பார்த்தார். கரண்டியை அமிழ்த்தி, தூக்கி, மட்டையால் வழித்து, கோதுக்குள் ஊற்றினேன்.

“சுண்டு மாதிரித்தான்” என்றார்.

“சுண்டுதான். ஆனால் இது என்ரை கையாலை கடைஞ்ச சுண்டு.”

அந்த நேரம் கடையிலிருந்து போன் வந்தது. ஒரு லேத்தில் எண்ணெய்க் குழாய் வெடித்து நிலம் முழுக்க எண்ணெய். நான் போகாவிட்டால் ஒருவரும் சரிபண்ண மாட்டார்கள். அந்தக் கடையில் அப்போது அப்படித்தான் இருந்தது, எல்லாவற்றுக்கும் நான் வேண்டும். மருந்து ரின்னை மூடப் போனேன்.

“நீர் போம் மச்சான், நான் போடுறன்” என்றார். “அளக்கிறதை நீரோ எனக்குச் சொல்லித் தரப்போறீர்?”

மனுசன் வந்த நாள் முதல் ஒரு வேலையைத் தானாக வாய்விட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் கரண்டியைக் கொடுத்தேன். தலைவழித்துக் காட்டினேன். அவர் ஒரு கோதுக்கு எனக்கு முன்னாலேயே போட்டார். என்னைவிட வடிவாக வழித்தார். நான் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது எல்லாக் கோதும் முடிந்திருந்தது. ரோர்ச் லைற்றை அடித்து ஒவ்வொரு கோதுக்குள்ளும் பார்த்தேன். ஒன்றில் மருந்து உயர்ந்து மற்றதில் தாழ்ந்திருந்தால் கண்டுபிடித்துவிடலாம். எல்லாம் ஒரே மட்டம். இவ்வளவு சீராக நானே போட்டிருக்க மாட்டேன் என்று நினைத்தேன். தராசு அலுமாரிக்குள் இருந்தது. என் கரண்டிக்குத் தராசு எதற்கு என்று அதை எடுக்கவில்லை. சன்னங்களை இறுக்கிப் பெட்டியில் அடுக்கினேன்.

வியாழன் பின்னேரம் போர்மன் குடிலுக்குப் போகிற வழியில் வந்து பெட்டியை எடுத்துக்கொண்டார். மச்சான் வாசல் வரைக்கும் வந்து, போர்மனின் வீங்கின கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. இந்த ஆளுக்கு இன்றைக்கு என்ன வந்தது என்று நான் யோசித்தேன்.

அடுத்த நாள் மத்தியானம் சாப்பாட்டு மேசையில் கதை வந்தது. மனுசி எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

“இண்டைக்குச் சுட்டிருப்பாரோ?” என்றார் மச்சான்.

“நாளைக்குத்தான் சுட வெளிக்கிடுவார். இண்டைக்குக் குடிலைக் கூட்டித் துப்புரவாக்குவார்.”

“பாரும், எங்கடை தோட்டா எண்டால் நல்லாய்த்தான் போகும். நான் கொஞ்சம் கூடத்தான் போட்டனான்.”

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். “என்ன கூட?”

“வழிச்சுப் போட்டிட்டு, ஒவ்வொண்டுக்கும் மேலை ஒரு நுள்ளு. தாற சாமானை மட்டமாய்க் குடுக்கக் கூடாதெல்லோ.”

“எல்லாத்துக்குமோ?”

“பின்னை? ஒண்டுக்குப் போட்டு ஒண்டுக்குப் போடாமல் விடுறதோ? எல்லாத்துக்கும் ஒரே நுள்ளு. என்ரை கை பிசகாது.”

எல்லாக் கோதும் ஒரே மட்டமாக இருந்ததன் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் கையைக் கழுவாமலே எழுந்தேன். அந்த நுள்ளு என்ன செய்யும் என்று சொன்னேன். கத்தவில்லை. மச்சானின் முகத்திலிருந்து இரத்தம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு, சொல்லத் தொடங்கியதை நிறுத்தவும் முடியாமல் சொல்லி முடித்தேன்.

“சீனிக்குப் போடுற மாதிரி நினைச்சிட்டன்” என்றார்.

மனுசி கரண்டியைச் சட்டிக்குள் விட்டாள். “அண்ணைக்குத் தெரியாது. எல்லாம் தெரிஞ்ச நீங்கள் நிறுத்துப் பாத்தனீங்களோ?”

குடிலில் ரெலிபோன் இல்லை. முந்தின வருடம் அவர் ஒரு பெற்றோல் கடையிலிருந்து எனக்குப் போன் பண்ணியிருந்தார். அந்தக் கடை இருக்கிற ஊரின் பெயரும், அங்கிருந்து ஏதோ ஒரு மண்பாதை காட்டுக்குள் போகிறது என்பதும் மட்டும்தான் எனக்குத் தெரியும். பொலிசுக்குப் போன் எடுத்தேன். யாராவது காயப்பட்டிருக்கிறாரா என்று கேட்டார்கள். இன்னும் இல்லை என்றேன். யாராவது யாரையாவது சுடப் போகிறாரா என்றார்கள். மானை என்றேன். குடில் எங்கே என்றார்கள். தெரியாது என்றேன். அந்தப் பக்கத்துப் பொலிசுக்குச் சொல்லிவைப்பதாகச் சொன்னார்கள். நன்றி சேர், நன்றி சேர் என்று நான் இரண்டு தடவை சொன்னது எனக்கே கேட்டது. கடையில் கொம்பனி மனேஜர்மாரிடம்கூட நான் அப்படிப் பேசியதில்லை.

இருட்டில் மண்பாதையைக் கண்டுபிடிக்க முடியாது என்று இரவைக் கழித்து, சனிக்கிழமை விடிந்ததும் மச்சானை ஏற்றிக்கொண்டு வடக்கே ஓடினேன். வழியில் அவர் கோட்டைப் போடாமல் மடியில் வைத்திருந்தார். ஹீற்றரைக் கூட்டினேன். போடும் என்றேன். தலையை ஆட்டினார், போடவில்லை.

பெற்றோல் கடையில் ஒரு வயதான வெள்ளைக்கார மனுசி நின்றாள். போர்மனை அவளுக்குத் தெரியும். ஆனால் குடிலைத் தெரியாது. “அந்தப் பக்கம் நிறையப் பாதை இருக்கிறது. சில நாள் சாப்பிடப் பாண் வாங்க வருவார். வந்தால் சொல்கிறேன்” என்றாள். எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். பேப்பரும் பேனையும் தந்தாள். எனக்கு இங்கிலீஸ் பேச வரும், எழுதினால் எழுத்து நடுங்கும். யோசித்து, பெரிய எழுத்தில், தயவு செய்து சுட வேண்டாம் என்று எழுதி நீட்டினேன்.

அவள் வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள். கடைக்குள் பாண் வாங்க நின்ற எல்லோரும் செம்மஞ்சள் சட்டை போட்ட வேட்டைக்காரர்.

“இதைக் கதவில் ஒட்டினால் எனக்கு வியாபாரம் இருக்காது” என்றாள்.

பின்னால் நின்ற ஒருவன் சிரித்தான். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். பிறகு அவளே அந்தத் தாளை வாங்கி, போர்மனின் பெயரையும் தோட்டாவில் பிழை என்பதையும் கீழே எழுதிக் கல்லாவுக்குப் பக்கத்தில் குத்திவைத்தாள்.

மண்பாதைகளில் ஒன்றுக்குள் காரை விட்டேன். கொஞ்சத் தூரத்தில் சேறு. திருப்பி அடுத்ததுக்குள் விட்டேன். அங்கே ஒரு சங்கிலி கட்டிப் பூட்டியிருந்தது. மூன்றாவது பாதை ஒரு ஆற்றங்கரையில் முடிந்தது. இறங்கி நின்றோம். ஆள் இல்லை, வீடு இல்லை, மரம்தான். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். என் குரல் பக்கத்து மரத்தைக்கூடத் தாண்டவில்லை.

அப்போது தூரத்தில் ஒரு வெடி.

மச்சான் அப்படியே குந்தி இருந்துவிட்டார். ஊரில் பழகின பழக்கம், உடம்பு தானாகச் செய்தது. பிறகு மெதுவாக எழுந்து, அந்தத் திசையைப் பார்த்தார்.

“உது அவற்றை வெடியோ?”

“தெரியாது.”

“எங்கடை தோட்டா எண்டால் சத்தம் வித்தியாசமாய் இருக்குமோ?”

“தெரியாது மச்சான்.”

கொஞ்சம் பொறுத்து வேறு பக்கத்திலிருந்து இன்னொரு வெடி. பிறகு ஒன்று. அன்று வேட்டைச் சீசனின் சனிக்கிழமை, காடு முழுக்க ஆட்கள். ஒவ்வொன்றுக்கும் அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் இரும்பைத் தடவி அளவு சொல்கிறவன். வெடிச் சத்தத்தைக் கேட்டு, சுட்ட மனுசன் நிற்கிறானா விழுந்தானா என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. குளிரில் அந்த ஆற்றங்கரையிலேயே நின்றோம். வெடி கேட்டால் பயம். கொஞ்ச நேரம் கேட்காவிட்டால் அதைவிடப் பயம். பனி தூறத் தொடங்கியபோதுதான் காருக்குள் ஏறினோம். பெற்றோல் கடைக்குத் திரும்பிப் போனேன். பேப்பர் அப்படியே குத்தியிருந்தது.

ஞாயிறு முழுக்க ரெலிபோனுக்குப் பக்கத்தில் இருந்தேன். மனுசி சாமி அறையில் விளக்கேற்றினாள். வழக்கமாக நான் அதைப் பற்றி ஏதாவது சொல்லிச் சிரிப்பேன். அன்று நானும் போய்ப் பின்னால் நின்றேன்.

திங்கள் மத்தியானம் போர்மனின் பழைய வண்டி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது. அவரே இறங்கினார். நடந்து வந்தார். வலது கன்னத்தில் கரும்பொட்டுகள் தெறித்திருந்தன, கண்ணுக்குக் கீழே ஒரு பிளாஸ்ரர். கண் இருந்தது. இரண்டு கண்ணும் இருந்தன. நான் கராஜ் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் தோட்டாப் பெட்டியை மேசையில் வைத்தார்.

“ஒன்று சுட்டேன்” என்றார். “நெருப்புப் பின்னால் வந்தது. துவக்கு திறக்கவில்லை, தடியால் அடித்துத்தான் திறந்தேன். மற்றதைத் தொடவில்லை. பாண் வாங்கப் போனபோது உன் நோட்டீசும் கிடைத்தது.” கொஞ்சம் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். “யார் அளந்தது?”

“நான்” என்றேன்.

“நீ அளந்தால் இப்படி வராது.”

வாழ்க்கையில் எத்தனையோ பேர் என் வேலையைப் புகழ்ந்திருக்கிறார்கள். அந்தப் புகழ்ச்சிபோல் எதுவும் என்னைக் கூசவைத்ததில்லை.

பேஸ்மென்ற் படியில் மச்சான் நின்றார். எங்கள் இங்கிலீஸ் அவருக்கு விளங்கவில்லை, ஆனால் கன்னத்தைப் பார்த்துவிட்டார். முன்னால் வந்தார். தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். பிறகு கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து, ஒரு நுள்ளு எடுத்துப் போடுகிற மாதிரிச் செய்துகாட்டினார். கோட்டை எடுத்துவந்து போர்மனின் முன்னால் நீட்டினார்.

“என்ன சொல்கிறார்?” என்று போர்மன் என்னைக் கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். சுண்டைச் சொல்லவேண்டும், வழித்த அளவைச் சொல்லவேண்டும், அதற்கு மேல் போடுகிற நுள்ளைச் சொல்லவேண்டும், கடை இல்லாமல் போன கடைக்காரனைச் சொல்லவேண்டும். என்னிடம் இருந்த இங்கிலீசில் அது ஒன்றும் இல்லை. “அவருக்கு உங்களை விருப்பம். கூடுதலாய்க் கொடுத்தார்” என்று மட்டும் வந்தது. சொன்னபோதே அது தள்ளுபடி விலை போட்ட கடை மாதிரிக் கேட்டது.

போர்மன் மச்சானைப் பார்த்தார். நீட்டின கோட்டை வாங்கி, திரும்ப அவருடைய தோளிலேயே போட்டுவிட்டார்.

“இன்னும் கொஞ்சம் விரும்பியிருந்தால் நான் செத்திருப்பேன் என்று சொல்லு” என்றார்.

“என்னவாம்?” என்றார் மச்சான்.

“கோபம் இல்லையாம்.”

அதன்பிறகு மூவரும் மேசையில் இருந்து மிச்சத் தோட்டாக்களின் சன்னங்களைப் பிடுங்கி மருந்தைக் கொட்டினோம். ஒவ்வொன்றையும் தராசில் வைத்தேன். எல்லாம் அளவைவிடக் கூட. எல்லாம் ஒரே அளவு கூட. போர்மன் முள்ளைக் குனிந்து பார்த்துவிட்டு, “உன் மச்சானுக்கு நல்ல கை” என்றார். அதை நான் தமிழில் சொல்லவில்லை.

கைபிடி போட்ட அளவையை அந்தக் கிழமையே வாங்கினேன். கடைக்காரப் பெடியனுக்கு என்னை ஞாபகம் இருந்தது. உருளையைக் கழற்றி, என் லேத்தில் அதன் ஆட்டத்தை எடுத்து, புது வளையம் போட்டேன். அதைவிட நல்ல அளவை இந்த நகரத்தில் எவனிடமும் இருந்திருக்காது. மருந்துப் போத்தலுக்கு மூடி போட்டுப் பூட்டும் வைத்தேன்.

அடுத்த நவம்பருக்கு முன்னால் போர்மன் வந்தார். கைபிடியை இழுத்துப் பார்த்தார், நிறுத்தார், திரும்ப இழுத்தார். “அருமையான சாமான், பொஸ்” என்றார். மச்சான் கொடுத்த வடையைச் சாப்பிட்டார், வீட்டுக்கு ஒரு பார்சலும் வாங்கிக்கொண்டார். அவருக்காக நான் நிரப்பி வைத்திருந்த பெட்டியை நீட்டினேன்.

“நீ வை. இந்த முறை கடைத் தோட்டா வாங்கிவிட்டேன். இப்போது அது மலிவு” என்றார்.

மலிவில்லை. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். காருக்குள் ஏறும்போது முன் சீற்றில் கடைப் பெட்டி, சுற்றின தாள் பிரிக்காமல் கிடந்தது. அதன்மேல் வடைப் பார்சலை வைத்தார். கையைக் காட்டிவிட்டுப் போனார்.

நான் கராஜுக்குள் வந்து கைபிடியை இழுத்து ஒரு அளவு எடுத்துத் தராசில் வைத்தேன். சரியாக இருந்தது. இன்னொன்று எடுத்து வைத்தேன். அதுவும் சரியாகத்தான் இருந்தது.